தராசும் பதிவேடும்

கைக்குழந்தையை எடை போட ஒரு நிமிடம் போதும். அந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ள, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஏழரைக் கிலோ எடையுள்ள ஆண் குழந்தைக்கு வயது ஒன்பது மாதம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே ஏழரைக் கிலோ பதினான்காவது மாதத்தில் என்றால், அது எடை குறைந்த குழந்தை. தராசு இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். குழந்தையின் நிலையைச் சொல்வது வயதுதான். வீட்டுப் பிரசவங்கள் நிறைந்திருந்த 1980-களில் அந்த வயது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

இந்தக் கட்டுரை, கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, அந்தப் பத்தாண்டில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு குழந்தைகள் பற்றிய ஆய்வுகளுக்குக் களப்பணியாளராக வீடு வீடாகப் போன ஒரு பெண்மணியின் அனுபவம். ஊரில் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

வயது கேட்பதற்கு டீச்சர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் பள்ளத்தாக்கின் ஒரு வருஷம் முழுக்க எழுதியிருக்கும். சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. சித்ரா பௌர்ணமிக்கு மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில். ஜூன் தொடக்கத்தில் பெரியாற்றுத் தண்ணீர் திறப்பு, அதைத் தொடர்ந்து முதல் போக நாற்று. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் கூட்டம். “எப்பப் பெறந்துச்சு?” என்று கேட்டால் பதில் வராது. “வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னயா, பின்னயா?” என்றால் வரும். “மங்கலதேவி போனப்ப வயித்துல இருந்துச்சா, இடுப்புல இருந்துச்சா?” என்றால் தாய் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்கு மூத்ததா இளையதா என்று கேட்டு, இரண்டையும் ஒத்துப் பார்த்தால் பிழை ஒரு மாதத்துக்குள் அடங்கும். பின்னாளில் அந்த நோட்டில் வேறு சில வரிகளும் ஏறின: போடி மீட்டர்கேஜ் ரயில் நின்ற 2010 கடைசி, முல்லைப் பெரியாறு போராட்டத்தில் குமுளிச் சாலை அடைபட்ட 2011 டிசம்பர், குரங்கணி மலையில் காட்டுத்தீ எரிந்த 2018 மார்ச். உலகம் முழுவதும் களஆய்வுகளில் இப்படிப்பட்ட உள்ளூர் நாட்காட்டியைத் தயாரிக்கச் சொல்வார்கள். ஆனால் அதை அச்சடித்துக் கொடுத்துவிட முடியாது. அந்தந்த ஊர்க்காரர்தான் எழுத வேண்டும்.

அவர் சேர்ந்த திட்டத்தின் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கியது. முதலில் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்ட வட்டாரம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி. தேனி அப்போது தனி மாவட்டமாகப் பிரியவில்லை. மதுரையோடுதான் இருந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கிய இந்தத் திட்டத்தை, அதில் வேலை பார்த்தவர்களைத் தவிர இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. அது நியாயமில்லை. சத்துணவு இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது. இந்தத் திட்டமோ ஆறாவது மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனித்தது. மூளையும் உடம்பும் வேகமாக வளர்வதும், ஒருமுறை பின்தங்கினால் எட்டிப் பிடிக்கச் சிரமப்படுவதும் அந்த வயதில்தான்.

திட்டத்தின் வேலைமுறை எளிமையானது. ஊரிலுள்ள அந்த வயதுக் குழந்தைகள் எல்லோரையும் மாதம் ஒருமுறை எடை போட வேண்டும். எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோட்டால் சேர்க்க வேண்டும். கோடு ஏறினால் தாயிடம் நல்ல வார்த்தை. கோடு படுத்தாலோ இறங்கினாலோ அந்தக் குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை. எடை ஏறியதும் உருண்டை நிற்கும். எல்லோருக்கும் எப்போதும் கொடுக்காமல், சறுக்குகிற குழந்தையைச் சறுக்கும்போதே பிடிப்பது என்ற இந்த யோசனைக்காகவே பல நாடுகளின் ஊட்டச்சத்து நிபுணர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு திட்டப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. பணியாளர் அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழை வீட்டுக்காரியாக இருந்தாலும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருக்க வேண்டும் என்று தேடி எடுத்தார்கள். ‘என் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து பேசு’ என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் டீச்சர் வீட்டு அடுப்பும் அதே அடுப்புதான்.

எடைநாளின் சங்கடங்கள் தராசில் தொடங்குவதில்லை, குழந்தையின் உடம்பில் தொடங்கும். வெள்ளி அரைஞாண், காலில் தண்டை, கையில் வசம்பு, கழுத்தில் தாயத்து. எல்லாம் சேர்ந்தால் நூறு கிராமைத் தாண்டிவிடும். ஒரு குழந்தை ஒரு மாதத்தில் ஏற வேண்டிய எடையில் அது பெரும்பங்கு. கழற்றச் சொன்னால் தாய் தண்டையைக் கழற்றுவாள், தாயத்தைக் கழற்ற மாட்டாள். அதற்கு வழி, கழற்றாததை ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி விட்டு, அட்டையில் ஓரமாகக் குறித்துவைப்பது. கண் பட்டுவிடும் என்ற பயம் இன்னொன்று. நாலு பேர் முன்னால் பிள்ளையைத் தொங்கவிட்டு, ‘எட்டரைக் கிலோ’ என்று உரக்கச் சொல்வதை எந்தப் பாட்டி பொறுப்பாள்? டீச்சர் எண்ணை வாயால் சொல்வதை நிறுத்திவிட்டார். எழுதி, தாயிடம் மட்டும் காட்டினார். கன்னத்தில் மைப்பொட்டு வைத்த பிறகே குழந்தையைத் தூளியில் இட்டார். ஒரு மூதாட்டி மட்டும், “ஏந் தாயி, சோறில்லாத வீட்டுப் பிள்ளைன்னு மெட்ராசுக்கு எழுதிப் போடப் போறியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. எடை குறைந்த குழந்தை என்று எழுதுவது அந்த வீட்டு மருமகள்மேல் தீர்ப்பு எழுதுவதாகவே தெருவில் படிக்கப்படும். ஆய்வுக்கு ஒப்புதல் என்று இன்று காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மூதாட்டி கேட்டது அதைவிட நேரான ஒப்புதல் கேள்வி.

எடையைவிட நீளம் அளப்பது கடினமான கைவேலை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை நிற்கவைத்து அளக்கக் கூடாது, படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரே குழந்தை படுத்தால் நின்றதைவிட ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும். அளவுப்பலகை மேடுபள்ளமில்லாத தரையில் இருக்க வேண்டும். ஆள் இரண்டு பேர். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, குழந்தையின் இரு காதுகளையும் உள்ளங்கையால் மூடினாற்போலப் பிடித்து, உச்சந்தலை பலகையில் முட்டும்படியும் கண் நேரே மேலே பார்க்கும்படியும் வைத்துக்கொள்வார். மற்றவர் இடது கையால் முழங்கால்களை மெல்ல அழுத்தி நீட்டி, வலது கையால் நகரும் கட்டையைப் பாதத்தோடு சேர்ப்பார். இரண்டு பாதமும் கட்டையில் தட்டையாகப் பதிய வேண்டும், பெருவிரல் மடங்கக் கூடாது. இதற்குள் குழந்தை வீறிட்டு முதுகை வளைத்துவிடும். அழுகைக்கு நடுவே மூச்சு வாங்க ஒரு நொடி உடம்பு தளரும். எண்ணைப் படிக்க வேண்டியது அந்த நொடியில். பிறகு குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுத்துச் சமாதானப்படுத்தி, மறுபடி முதலிலிருந்து இன்னொரு முறை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை டெல்லி உட்பட ஆறு நாட்டு நகரங்களில் குழந்தைகளை அளந்து வளர்ச்சி அளவுகோலைத் தயாரித்தபோது, இரண்டு அளவையாளர்களின் நீளக் கணக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மறுபடி அளக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். எடைக்கு 100 கிராம், தலைச்சுற்றளவுக்கு 5 மில்லிமீட்டர்.

2006-இல் வெளியான அந்த அளவுகோல் ஒரு பழைய வாதத்தையும் முடித்துவைத்தது. ‘நம்ம பிள்ளைக சின்ன உருவந்தான், வெள்ளக்காரன் கணக்கு நமக்கு எதுக்கு?’ என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல உணவு, தாய்ப்பால், சுத்தமான தண்ணீர், தடுப்பூசி எல்லாம் கிடைத்தால் முதல் ஐந்து வருஷம் டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன என்பது அந்த ஆய்வின் முடிவு. அப்படியென்றால் கம்பத்துக் குழந்தை குட்டையாக இருப்பதற்கு இனம் காரணமில்லை. வேறு காரணம் தேட வேண்டும். டீச்சருக்கு அந்தச் செய்தி பயிற்சி வகுப்பொன்றில் கிடைத்தபோது, இத்தனை வருஷம் தான் அளந்ததற்கெல்லாம் அர்த்தம் கூடிவிட்டதாகத் தோன்றியதாம்.

மேற்பார்வையாளர் ஒருவர் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றும் உண்டு. ஒரு பதிவேட்டைத் திறந்து, எடைகளின் கடைசி இலக்கத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போவார். 7.5, 8.0, 9.5, 8.0 என்று சுழியமும் ஐந்துமாகவே வந்தால், அந்தப் பணியாளர் முள்ளைப் பார்க்கவில்லை, மனக்கணக்கில் எழுதுகிறார் என்று தெரிந்துவிடும். உண்மையாக எடை போட்டால் 7.3-உம் வரும், 8.9-உம் வரும். புள்ளிவிவர அறிஞர்கள் கணினியில் செய்வதை அவர் விரல் நுனியில் செய்தார்.

இப்படி வீட்டுக்கு வீடு நடந்து எடுத்த கணக்கு உலகக் கொள்கையையே அசைத்த கதைகள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றில் முக்கியமானது மதுரையிலிருந்து கிளம்பியது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985-இல் தேனியிலும் கிளை வந்தது. கண்புரை அறுவைக்காகவே அரவிந்த் இன்று அறியப்பட்டாலும், வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் கருவிழி கரைந்து பார்வை போகும் சின்னக் குழந்தைகளைப் பற்றிய கவலை வெங்கடசாமிக்கு அதற்கு முன்பே இருந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளையும் தாய்மாரையும் தங்கவைத்து, கீரையும் பருப்பும் சமைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் மதுரையில் நடந்தது. ஆக்ஸ்போர்டு உயிர்வேதியியலாளர் ஆன்ட்வானெட் பிரீயும் அதில் துணை நின்றார். 1976-இல் லான்செட் இதழில் அந்த மையத்தைப் பற்றி அவர்கள் சேர்ந்து எழுதினார்கள்.

கண்ணுக்கு வேண்டிய அந்தச் சத்து உயிருக்கும் வேண்டுமா? இந்தக் கேள்வியோடு மருத்துவர் ரஹ்மத்துல்லாவும் அரவிந்தைச் சேர்ந்த துளசிராஜும் மற்றவர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சின்னக் குழந்தைகளை ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஊர்த் தொண்டர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ச் சொட்டு மருந்தை வாயில் விட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு அதில் வைட்டமின் ஏ கொஞ்சம் இருந்தது, மறுபாதிக்கு இல்லை. யாருக்கு எது என்று ஊற்றியவருக்கும் தெரியாது. 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வந்தது: வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. அந்தச் சொட்டில் இருந்தது போன்ற ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவை ஒரு குழந்தை கீரையும் பப்பாளியும் சாப்பிட்டே பெற்றுவிட முடியும் என்பதை யோசித்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

அதே குழுவினர் அடுத்து, பிறந்த குழந்தைக்கே கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 பச்சிளம் குழந்தைகள். பிறந்த முதல் இரண்டு நாட்களில் வைட்டமின் ஏ அல்லது வெறும் எண்ணெய். ஆறு மாதம் வரை நடந்த இறப்புகளில் 22 சதவீதம் குறைவு என்று 2003-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறந்த இரண்டு நாளுக்குள் வீடு தேடிப் போவது என்றால் என்னவென்று டீச்சருக்குத் தெரியும். பிரசவம் எப்போது நடந்தது என்ற தகவல் ஊரிலிருந்து ஓடி வர வேண்டும், தீட்டு பார்க்கும் வீட்டுக்குள் அன்னியர் நுழைய இடம் கிடைக்க வேண்டும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணை அந்த ஊரில் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அதை ஆயிரக்கணக்கில் செய்துமுடித்த களப்பணியாளர்களின் பெயர்கள் எங்கும் அச்சாகவில்லை.

கதை அதோடு முடியவில்லை. பிறகு ஹரியானாவில் 44,984 குழந்தைகளிடமும், கானாவிலும் தான்சானியாவிலும் பெரிய ஆய்வுகள் நடந்து 2015-இல் வெளியாகின. பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுப்பதால் தெளிவான பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பிறந்தவுடன் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பரிந்துரை நிலைத்தது. இன்றும் நம்மூரில் ஒன்பதாவது மாதம் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் என்று ஐந்து வயது வரை கரண்டியில் ஊற்றுகிறார்கள். தமிழ்நாட்டு முடிவு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தாய்மாரிடமே வைட்டமின் ஏ குறைவாக இருந்த ஊரில் கிடைத்த பலன், குறைவில்லாத ஊரில் கிடைக்காமல் போகலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஓரிடத்துக் குழந்தையின் கணக்கு எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதால்தான், பள்ளத்தாக்குக்கென்று தனியாக அளக்க வேண்டியிருக்கிறது.

இனிச் சொல்ல வேண்டியது எளிதானதல்ல. 1990-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இறப்புப் பதிவேட்டில், பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகளுக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. எடைக்குறைவு, மூச்சுத் திணறல், காய்ச்சல் என்று எழுதுவார்கள். சில வரிகளுக்கு எதிரே ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருக்கும். அந்த வரிகளில் இருந்தவை பெண் குழந்தைகள். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகள் 1986-லேயே பத்திரிகைகளில் வந்துவிட்டன. ஆனால் ஒரு வட்டாரத்தின் பழி என்று அதை ஒதுக்கிவைத்துப் பேசினார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வி.பி. ஆத்ரேயாவும் 1995-ஆம் ஆண்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை மாநிலம் முழுக்கத் தொகுத்துப் பார்த்து, 1997-இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் எழுதினார்கள். தருமபுரி, சேலத்திலிருந்து திண்டுக்கல், மதுரை, தேனி வரை நீளும் ஒரு பட்டை வரைபடத்தில் தெரிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பெண் குழந்தைகள் என்று கணக்கு வந்தது.

அந்தக் கணக்கின் தர்க்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் இயற்கையாக அதிகம் இறப்பது ஆண் குழந்தைகள். உடலமைப்பில் பெண் குழந்தைக்கு அந்த வாரத்தில் தாங்கும் சக்தி கூடுதல். உலகம் முழுவதும் இப்படித்தான். ஒரு வட்டாரத்தில் அது தலைகீழாக இருந்தால், காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எண்ணே பேசிவிடும். மறைப்பவர் காரணத்தை மாற்றி எழுதலாம், ஆனால் ஆண் குழந்தைகளைக் கூட்டிச் சாகடித்துக் கணக்கைச் சமன்செய்ய முடியாது.

டீச்சர் பின்னாளில் இறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போய் இறப்பின் வரலாற்றைக் கேட்டு எழுதும் வேலையையும் செய்தார். துக்கம் கேட்பவராகத்தான் உள்ளே நுழைய முடியும். பேச்சு தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறந்ததும் அழுததா? பால் குடித்ததா? எத்தனை நாள் நன்றாகக் குடித்தது, எப்போது நிறுத்தியது? முதல் இரண்டு நாள் நன்றாகக் குடித்து, பிறகு வாய் இறுகி, கைகால் விறைத்து வெட்டினால் அது ரணஜன்னியாக இருக்கலாம். பிறந்ததிலிருந்தே சப்பவில்லை என்றால் வேறு. சில வீடுகளில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் வரும்: “நல்லாத்தான் இருந்துச்சு, விடியப் பாத்தாப் போயிருச்சு.” சொல்வது மாமியாராக இருப்பார். பெற்றவள் சுவரோரம் திரும்பிப் படுத்திருப்பாள். டீச்சர் அங்கே போலீஸ் அல்ல, நீதிபதியும் அல்ல. கேட்டதைக் கேட்டபடி எழுதினார். அடுத்த முறை அதே பெண் கர்ப்பமானபோது கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வரும்படி பார்த்துக்கொண்டார். பதிவேட்டில் வராத அந்த வேலைதான் தன் ஆயுளில் செய்த நல்ல வேலை என்று அவர் நினைக்கிறார்.

சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வந்தது. கருவிலேயே பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தும், ஸ்கேன் இயந்திரம் சட்டத்தைவிட வேகமாகப் பரவியது. 2001 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் கீழே இருந்தார்கள். 2011-இல் 930-ஐத் தாண்டினார்கள். ஏறிய அந்த எண்ணுக்குப் பின்னால் செவிலியர்கள், சங்கப் பெண்கள், ஆட்சியர்கள் என்று எத்தனையோ பேர் உழைப்பு இருக்கிறது. இன்னும் சமன் ஆகவில்லை.

பெரிய படம் ஊக்கமளிக்கிறது. தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண் 13. பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைக்கு வந்துவிட்டன. தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004-இல் க.விலக்கில் வந்த பிறகு, கூடலூர்க் குழந்தையை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் குறைந்தது. கேள்வி இப்போது பிழைப்பதிலிருந்து வளர்வதற்கு மாறியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லை. ரத்தசோகை முந்தைய கணக்கெடுப்பில் 50.7 சதவீதம், இதில் 57.4. இந்த ரத்தசோகை எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்தால் ஒரு கணக்கு, நரம்பில் எடுத்துப் பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. முந்தைய கணக்கெடுப்பில் நாடு முழுவதும் விரல் ரத்தத்தில் 58.6 சதவீதம் என்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், ஒன்று முதல் நாலு வயது வரையுள்ளவர்களிடம் நரம்பு ரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கெடுப்பு 41 என்றது. விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்துவிடும். டீச்சர் பயிற்சி கொடுக்கும்போது, பிழியாதே, துளி தானாகத் திரளட்டும் என்று மறுபடி மறுபடி சொல்வது அதனால்தான்.

உயரமும் எடையும் மட்டும் வளர்ச்சியல்ல. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 17 படிகள் கொண்ட ஒரு பரிசோதனை அட்டையை 1991-இல் வெளியிட்டார்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, புரள்வது, பிடிக்காமல் நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோட்டுக்கு இடப்பக்கம் தொடக்கம், வலப்பக்கம் கடைசி வரம்பு. குழந்தையின் வயதில் ஒரு பேனாவைச் செங்குத்தாக வைத்தால், பேனாவுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட படிகளைக் குழந்தை செய்ய வேண்டும். பேனாவும் சாவிக்கொத்தும் போதும், வேறு கருவி வேண்டாம். பால்வாடித் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நாலரை மாதத்திலும் தலை நிற்காத குழந்தையை இது காட்டிக்கொடுக்கும், “அவுங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்” என்று பாட்டி சொல்லும் சமாதானத்துக்கு முன்னாலேயே.

பள்ளத்தாக்கின் இன்றைய கேள்வி பாட்டிகளைப் பற்றியதுதான். கம்பம், கூடலூர், போடி, உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். திரும்பிவர இருட்டிவிடும். நாலு மாதக் கைக்குழந்தை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கிறது. பகலில் என்ன குடிக்கிறது? நேற்று முழுக்க என்ன சாப்பிட்டது என்று 24 மணி நேர உணவுக் கணக்கைத் தாயிடம் கேட்கச் சொல்கிறது வினாத்தாள். பகல் முழுக்க வீட்டில் இல்லாதவளிடம் அதைக் கேட்டு என்ன பயன்? பாட்டியிடம் கேட்டால், “பாலும் ரொட்டியுந்தாங்க்கா, வேறென்ன” என்பார். பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ரொட்டி என்பது கடை பிஸ்கட்டா? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பாடத்தை டீச்சர் முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்கிறார். ஏலக்காய் எடுக்கப் போகிறவளிடம் அதைச் சொல்வது அவள் கூலியை விடச் சொல்வதாகும் என்பதையும் அறிந்தே இருக்கிறார்.

ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தோட்டத்தில் பிள்ளைக்காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் சின்னச் சின்னத் தோட்டங்களுக்கு, மாநில எல்லை தாண்டி, தினக்கூலியாகப் போய் மாலையே திரும்புகிறவர்களின் குழந்தைகள் அந்தக் காப்பகத்தின் கணக்கிலும் இல்லை. விடிந்து வெகுநேரம் கழித்துத் திறக்கும் பால்வாடியோ இரண்டு வயதுக்கு மேல்தான் பகல் முழுக்க வைத்துக்கொள்ளும்.

இந்தக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. வேலூர்க் குடிசைப் பகுதிகளில் சி.எம்.சி. மருத்துவமனையின் ககன்தீப் காங் குழுவினர் அப்படிச் செய்தார்கள். 373 குழந்தைகளை மூன்று வருஷம் விடாமல் பார்த்து, ரோட்டா வைரஸ் ஒருமுறை தாக்கிய பிறகும் நம் குழந்தைகளை எப்படித் திரும்பத் திரும்பத் தாக்குகிறது என்று 2011-இல் எழுதினார்கள். 2017-இல் ரோட்டா தடுப்பூசி தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் சேர்ந்தபோது, அந்தத் தெருக்களின் தாய்மாருக்கும் அதில் பங்கு இருந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பற்றியும் அதே பொறுமையோடு யாராவது வந்தால், கூடவே வந்து வீடு காட்ட அவர் தயார். இரண்டு நிபந்தனைகள் மட்டும் வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்குக் காரில் வந்து இறங்கக் கூடாது, ஜீப் நிற்கும் இடத்துக்குத் தாய்மார் வரும் ஐந்து மணிக்கே வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் எடையையும் நீளத்தையும் ரத்த அளவையும் அன்று மாலையே, ஜீப் திரும்பிய பிறகு, பெற்றவளிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.